கார்பனுக்கு ஐந்தாவது கை

"தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வராமல் கெட்டுக் குட்டிச்சுவரானவன் நான். வேலையும் போயிற்று, ஜானகியும் போனாள்.

ஜானகி என் மாமா பெண். "காலேஜ்ல உத்தியோகம் ஆகட்டும், முகூர்த்தம் பார்த்துடலாம்" என்றிருந்தார் மாமா. ரசாயன இலாகாவில் இன்டர்வியூ வந்ததும் மயிலாப்பூரிலிருந்து டிராமில் கூடவே வந்து, ஜன்னலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். (மாப்பிள்ளையை வேலையோடு வீட்டுக்கு அழைத்துப் போகத்தான்.)

"சமீபத்தில் என்ன படித்தீர்?" என்றார் புரொபசர்.

லண்டனில் ஒரு டாக்டர் லீவு முடிந்து திரும்பியபோது, கிருமி வளர்த்த தட்டில் பூஞ்சணம் பூத்து, சுற்றியிருந்த கிருமிகள் மாண்டு கிடந்த கதையை விளாசினேன். புரொபசர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த நிமிஷமே நான் மூர்ச்சை போட்டு விழுந்திருக்கலாம்.

"அந்தப் பூஞ்சணச் சாற்றின் மூலக்கூறு எப்படி இருக்கும்?"

அப்போது உலகத்தில் யாருக்குமே தெரியாது. ஆனாலும் என் கை சாக்பீஸை எடுத்துவிட்டது. புள்ளி வைத்தேன், கோடு இழுத்தேன். அம்மா வாசலில் போடுவதைத் தினமும் பார்த்த கை! நடுவில் ஒரு சதுரம் விழுந்தது. ஒரு புள்ளி மட்டும் அநாதையாக நின்றது. புள்ளியை விட்டால் கோலம் மூளி என்பாள் அம்மா. அக்கம்பக்கத்துப் புள்ளிகள் அத்தனையோடும் சேர்த்துவிட்டேன்.

"பேஷ்!" என்றார் ஜன்னலில் மாமா. (அன்று கிடைத்த ஒரே பாராட்டு.)

"கார்பனுக்கு நாலு கைதான், மிஸ்டர். உம் புள்ளியிலிருந்து ஐந்து கோடு போகிறது. இந்தச் சதுரமும் நிற்காது, விண்டுபோகும்" என்றார் புரொபசர். பிறகு மெதுவாக, "தெரியாது என்றிருந்தால் வேலை உமக்குத்தான்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

டிராமில் மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை. "கை எண்ணத் தெரியாதவனுக்கு எப்படிடா பொண்ணைக் குடுப்பேன்?"

வைகாசியில் ஜானகி ஒரு ரெவின்யூ குமாஸ்தாவுக்கு வாழ்க்கைப்பட்டாள். பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் நான். அன்று சாம்பாரில் உப்பு தூக்கல் என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும்.

யுத்தம் முடிந்த பிறகு ஒரு பத்திரிகையில், மருந்தாகிவிட்ட அந்தப் பூஞ்சணச் சாற்றின் மூலக்கூறுப் படம் வந்தது. நடுவில் சதுரம்! என் சதுரம்! மாமாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரல் வைத்து எண்ணினார்.

"சதுரம் சரி. ஆனா இதுல எந்தக் கார்பனுக்கும் நாலு கைக்கு மேல இல்லையேடா?"

இன்றும் விசேஷங்களில் நான் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டினால், "அஞ்சாவது கை வந்தாச்சு!" என்று ஜானகியின் பிள்ளைகள் கூவுகிறார்கள். பந்தியே சிரிக்கிறது. ஜானகி மட்டும் சிரிக்காமல் இன்னொன்று வைத்துவிட்டுப் போகிறாள். எனக்குத் தாங்காதது அதுதான்.