சர்ச்சில் நாற்று நட்ட கதை

சத்தமாகப் பாடு என்று சொல்கிறவர்கள், எப்போது பாட வேண்டும் என்று சொல்வதில்லை. பிறகு நம்மை முறைக்கிறார்கள். அதனால் இந்த விஷயத்தில் பாதித் தப்பு பெரிய நர்சம்மாவுடையது. அவர் இப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

நாற்பதுகளில் திருத்தணியில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. கே.ஜி.கண்டிகையில் நாற்று நட்டுக்கொண்டிருந்த என்னை, அங்கே ஆயாவாக இருந்த எஸ்தர் அக்கா வேலைக்குச் சேர்த்துவிட்டார். முதலில் தற்காலிகம்தான். நிரந்தரமாக்குவதும் சேற்றுக்கே திருப்பி அனுப்புவதும் பெரிய நர்சம்மா கையில். சேற்றுக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. (காலில் சேற்றுப்புண் வந்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.)

ஒருநாள் நர்சம்மா கேட்டார்: "முனியம்மா, ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு வரியா?"

"நாங்க மலைமேல முருகனக் கும்புடறவங்கம்மா."

"சும்மா வந்து பாடு. வாய மூடிகினு நிக்கறவங்களக் கண்டாலே எனக்கு ஆவாது. சத்தமாப் பாடணும்."

நிரந்தர வேலைக்குப் பரீட்சை இதுதான் என்று முடிவு செய்தேன். எஸ்தர் அக்காவுக்கு வேறு கவலை.

"பாட்டு முடிஞ்சதும் அரோகரான்னு கத்தித் தொலைக்காதடி."

"நான் இன்னா கூமுட்டையா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து நின்றார்கள். கையில் பாட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. தெரிந்த பாட்டெல்லாம் நடவுப் பாட்டு. அதில் ஒருத்தி ஓர் அடி பாடுவாள். அவள் வாயை மூடியதும் மற்றவர்கள் அதே அடியைத் திருப்பிப் பாட வேண்டும். பாடிக்கொண்டே நாற்றை ஊன்றி, ஓர் எட்டு பின்னால் வைக்க வேண்டும். பதில் சத்தம் குறைந்தால் வரப்பில் நிற்கிற மேஸ்திரி, "எவடி அங்க தூங்கறவ?" என்பான்.

சர்ச்சுக்காரர்கள் முதல் அடியைப் பாடி மூச்சு வாங்கினார்கள். நான் அதைத் திருப்பிப் பாடினேன், கழனியின் அடுத்த கோடிக்குக் கேட்கிற சத்தத்தில்.

ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்த்தார். மெச்சுகிறார் என்று நினைத்து அடுத்த அடிக்கு இன்னும் ஏற்றினேன். மூன்றாவது அடியில் இடுப்பு தானாக வளைந்தது. கால் தானாகப் பின்னால் போனது. பின்வரிசையில் நின்ற எஸ்தர் அக்காவின் காலை மிதித்தேன்.

"எங்கடி போற?" என்று காதில் சீறினார்.

"வரிச போவுதில்ல, நவுருக்கா" என்றேன்.

பெண்கள் பக்கத்தில் பாதிப்பேர் நடவுக்குப் போனவர்கள். நாலாவது அடிக்கு அவர்களும் என்னோடு சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் முன்பாட்டு, நாங்கள் பின்பாட்டு. பாட்டு இரண்டு மடங்கு நீண்டது. பாதிரியார் பிரசங்கத்துக்கு நேரம் இருக்குமா என்று கடிகாரத்தைப் பார்த்தார். முடிந்தபோது எங்கள் கடைசி வரிசை வாசலுக்கு வெளியே வெயிலில் நின்றது.

நான் அரோகரா சொல்லவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளியே நர்சம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னா பண்ண நீ?"

"சத்தமாப் பாடினேங்க."

"ரெண்டாந் தடவ யாரு பாடச் சொன்னா?"

"ஒரே தடவைன்னு யாருங்க சொன்னா?"

எஸ்தர் அக்கா என் இடுப்பைக் கிள்ளினார். வேலை போய்விட்டது, நாளைக்குக் கழனிதான் என்று நின்றேன். நர்சம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வார்டுல உம்மேல ஒரு கொற இல்ல. நிரந்தரமாக்குறேன். ஆனா ஒரு கண்டிசன். ஞாயித்துக்கிழம காலம்பர டூட்டி உனக்குத்தான். ஒரு வாரம்கூட லீவு கெடையாது."

ஓய்வு பெறும்வரை அப்படியே நடந்தது. சர்ச்சு மணி அடித்ததும் எஸ்தர் அக்கா வார்டு ஜன்னல்களைச் சாத்திவிட்டுத்தான் கிளம்புவார். காற்றுக்காக என்பார்.

வீட்டில் இன்றைக்கும் நான் ஒரு பேச்சை இரண்டாம் தடவை சொன்னால் என் மகன் எழுந்து, இடுப்பை வளைத்து, பின்னால் ஓர் எட்டு வைக்கிறான். அவன் பிள்ளைகளும் வைக்கிறார்கள். நான் திட்டத் திட்ட ஒவ்வோர் எட்டாக வைத்து, மொத்தக் குடும்பமும் தெருவுக்குப் போய்விடுகிறது.