கறுப்பு முகமூடிக்குள் யார்?

இந்தக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கப்போவதில்லை என்று கிளாரன்ஸ் அறிவித்துவிட்டான். மர்பி டவுன் முழுக்கக் கேட்கும்படி அறிவித்தான். வாரமெல்லாம் லேத் மிஷினோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். அதை மாற்றப் பெண்டாட்டி ஜோவிதா யார்?

"அடிக்க மாட்டீங்க?" என்றாள் ஜோவிதா, கீரையை ஆய்ந்தபடி.

"மாட்டேன்."

"கடைசி வார்த்தையா?"

"கடைசி வார்த்தை!"

"சரி. அப்ப அந்தக் கறுப்பு முகமூடி யாருன்னு சொல்லிடட்டுமா?"

கிளாரன்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். வரும்போது கையில் சுண்ணாம்பு வாளி இருந்தது.

விஷயம் இதுதான். சிறுவயதில் அவனுக்குச் சோறு வேண்டாம், 'மின்னல் மாசிலாமணி' காமிக்ஸ் போதும். அதில் மூன்று பாகமாக ஒரு கதை வந்தது. முதல் பாகத்தின் முடிவில் மாசிலாமணியை ஒரு கறுப்பு முகமூடி மலையிலிருந்து தள்ளுகிறான். "நான் யாரென்று தெரிந்தால் உன் நெஞ்சே வெடித்துவிடும்!" என்கிறான். அந்த நேரம் பார்த்துக் கிளாரன்ஸ் கணக்கில் முட்டை வாங்கினான். அப்பா காமிக்ஸுக்குத் தடை போட்டுவிட்டார். அன்றிலிருந்து வெடிக்கக் காத்திருப்பது மாசிலாமணியின் நெஞ்சு அல்ல, கிளாரன்ஸின் நெஞ்சு.

போன மாதம் சிவாஜிநகர் நடைபாதைக் கடையில் மூன்றாம் பாகம் அகப்பட்டது. இரண்டாம் பாகம் இல்லை. வேறொருவன் என்றால் அங்கேயே கடைசிப் பக்கத்தைப் புரட்டியிருப்பான். கிளாரன்ஸ் கொள்கைக்காரன். ரசம் ஊற்றாமல் யாராவது நேரே மோருக்குப் போவார்களா? இரண்டு கிடைக்கும்வரை மூன்றைத் திறப்பதில்லை என்று அலமாரி மேல் வைத்துவிட்டான்.

வைத்தவன் சும்மா இருந்திருக்கலாம். கதையை ஜோவிதாவிடம் நடித்தே காட்டினான். சொந்தக் காசில் சூனியம். மறுநாள் வேலையிலிருந்து வந்தால், அவள் கையில் மூன்றாம் பாகம், உதட்டில் ஒரு சிரிப்பு.

"படிச்சிட்டியா?" என்று அலறினான்.

"பொம்மனஹள்ளிக்கு எங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா? இல்ல, யாருன்னு சொல்லட்டுமா?"

பொம்மனஹள்ளிக்குப் போனார்கள். அதன்பின் அவன் தேங்காய் துருவினான், போர்வை துவைத்தான், மச்சினியின் கல்யாண வீடியோ கேசட்டை முழுதாகப் பார்த்தான். இந்த அக்கிரமத்தைக் கேட்க ஆளில்லையா என்று பக்கத்து வீட்டு முனியப்பனிடம் முறையிட்டான்.

"புக்கை எங்கயாச்சும் ஒளிச்சு வெச்சிடுங்கண்ணா."

"புக்கை ஒளிக்கலாம்பா. அவ வாயை எங்க ஒளிக்கிறது?"

கடைசியில் சுண்ணாம்பு. நீலம் கலந்து, ஏணி போட்டு, கண்ணில் தெறித்து, கழுத்தில் வழிந்து அடித்து முடித்தான்.

"மூலையில விட்டுப்போச்சு பாருங்க."

"அநியாயம்டி இது! ஒரு மனுஷனோட ஆசையை வெச்சு இப்படியா அவனைப் பிழிவாங்க? அந்தக் கறுப்பு முகமூடியே தேவலாம்!"

"அந்தக் கறுப்பு முகமூடி..." என்று அவள் வாயைத் திறந்தாள்.

மூலையையும் அடித்தான்.

மறு சனிக்கிழமை சிவாஜிநகர் கடைக்காரர் இரண்டாம் பாகத்தை எடுத்து நீட்டினார். கிளாரன்ஸ் பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையின்றி அல்சூர் வழியாக ஓட்டமும் நடையுமாக வந்தான். வாசற்படியிலேயே உட்கார்ந்து இரண்டை முடித்தான். உள்ளே ஓடி அலமாரி மேலிருந்த மூன்றை எடுத்துத் திறந்தான். கொள்ளைக்கூட்டம் பிடிபட்டது. மாசிலாமணி முகமூடியில் கை வைத்துவிட்டான். இனி யார் என்ன மிரட்ட முடியும்?

பக்கத்தைப் புரட்டினான். புரளவில்லை. அச்சகத்துக்காரன் ஓரத்தை வெட்டாமல் விட்டிருக்கிறான். கடைசித் தாள்கள் மடித்தபடியே மூடிக் கிடந்தன. இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். ஒரு காதும் பாதி மீசையும்தான் தெரிந்தன. சமையலறைக்கு ஓடிக் கத்தியை எடுத்து மடிப்பில் வைத்தான்.

வைத்த கத்தி நின்றது. வெட்டாத தாளுக்குள் இருப்பதை இவள் எப்படிப் படித்தாள்?

"ஏய்! நீ இதைப் படிக்கவே இல்லையா?"

"படிச்சேன்னு நான் எப்பங்க சொன்னேன்?" ஜோவிதா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "சொல்லட்டுமா, சொல்லட்டுமான்னு கேட்டேன். நீங்கதான் வேணாம் வேணாம்னு சுவரேறிச் சுண்ணாம்பு அடிச்சீங்க."

கிளாரன்ஸ் தான் அடித்த சுவரைப் பார்த்தான். நெஞ்சு வெடிக்கும் என்று முகமூடி சொன்னது சும்மா இல்லை.

"நெசமா சொல்றேன், எனக்கே தினமும் பக்கு பக்குன்னு இருந்துச்சு" என்றாள் ஜோவிதா. "ஒரே ஒரு தடவை 'சரி, சொல்லு'ன்னிருந்தீங்கன்னா, நான் மாட்டிக்கிட்டிருப்பேங்க."