நாலாம் மாடிக் கேரட்

“துர்திகுல்! உங்க வீட்டுச் சேத்துத்தண்ணி என் போர்வை மேல சொட்டுது. இனி அதைக் கழுதைக்குக்கூடப் போத்த முடியாது!”

மூன்றாம் மாடி வேரா கிம் வாசலில் நின்று கத்தினாள். சிர்ச்சிக் நகரச் சந்தையில் கொரியன் கேரட் சாலட் விற்கிறவள். சந்தை இரைச்சலையே அடக்குகிற குரல்.

துர்திகுல் கையில் டிரில்லோடு நின்றார். சிமெண்ட் ஆலையில் மூட்டை தூக்குகிறவர். பால்கனியில் பெயிண்ட் வாளிகளில் கேரட் போட்டிருந்தார். தண்ணீர் தேங்கி முதல் விதைப்பு அழுகியது. அதனால் வாளிக்கு அடியில் ஓட்டை போட்டார். ஓட்டை நன்றாக வேலை செய்தது.

“அடியில தட்டு வெச்சுடறேன், கிம் அக்கா.”

“பால்கனியில எதுக்குய்யா கேரட்டு? சந்தையில மலையாக் கெடக்கு.”

காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில், மகள் ஜுல்குமோரைத் தன் பையனுக்குப் பெண் கேட்டு வந்தார் ஜாமின் மலைப்பக்கத்து விவசாயி ஹம்ரோபோய். கேரட் போட்ட புலாவை அள்ளித் தின்றுகொண்டே, “டவுன்காரனுக்கு ஒரு பிடி மண்ணு சொந்தமில்ல. அத்தனையும் காசு குடுத்துத் தின்னுற பொழப்பு” என்றார். துர்திகுல் பேசாமல் இருந்திருக்கலாம். காலமெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குச் சிமெண்ட் சுமந்த தோள் பேசாமல் இருக்கவிடவில்லை.

“நீங்க தின்னுறீங்களே, அந்தக் கேரட்டு நம்ம வீட்டு வெளைச்சல்.”

ஹம்ரோபோய் மெல்லுவதை நிறுத்தினார். “எங்க வெளையுது?”

“பால்கனியில.”

“அவ்வளவு பெரிய பால்கனியா?”

“பெருசுதான்.”

“அப்ப வசந்தத்துல வர்றேன். என் கையால புடுங்கிப் பாத்துட்டு ரொட்டி பிய்ப்போம்.”

ரொட்டியைப் பிய்த்தால் நிச்சயதார்த்தம் முடிந்தது. அதற்குமேல் யார் பின்வாங்கினாலும் ஊர் காறித் துப்பும். ஜுல்குமோருக்கோ அந்தப் பையன்தான் வேண்டும். அவனுக்கு வேலையும் சிர்ச்சிக்கிலேயே.

“பொய் சொன்னது நீங்க, அழப்போறது நானாப்பா?” என்று அவள் கேட்டதிலிருந்து துர்திகுலுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுபடி விதைத்தார். முளை குளிரில் கருகியது. பால்கனிக் கண்ணாடி ஜன்னல் சந்துகளை எல்லாம் அடைத்தார். ஹீட்டர் வாங்கி வைத்தார். வாளி போதவில்லை என்று பால்கனியில் கிடந்த பழைய ஃபிரிட்ஜ், சைக்கிள், ஊறுகாய் ஜாடி அத்தனையையும் கூடத்துக்குள் தள்ளினார்.

மனைவி ஹோசியத் சைக்கிளில் இடித்துக்கொண்டு கத்தினாள். “மனுஷங்க குளிர்ல நடுங்குறோம். கேரட்டு ஹீட்டர்ல குளிர்காயுது!”

“கொஞ்சம் பொறு. பொண்ணு வாழ்க்கை.”

ஆட்டுப் புழுக்கையைக் கொட்டினார். இலை காடாக எழும்பியது. ஹம்ரோபோய் வருவதற்கு முந்தின நாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தார். கீழே எலிவால் மாதிரி ஒரு வேர்.

வேராவிடம் போய் நின்றார். “சாலட்டுக்கு வெச்சதுல ஒரு கூடை குடுங்க, அக்கா.”

“உங்க வெளைச்சல் என்னாச்சு?”

“நல்ல வெளைச்சல். அதான் கேக்குறேன்.”

எலிவால்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, ஒவ்வொரு கேரட் தலையிலும் தீக்குச்சியால் தழையைக் குத்தி மண்ணில் புதைத்தார். அவசரத்தில், வேரா தோல் சீவி வைத்திருந்தவையும் சில உள்ளே போயின.

ஹம்ரோபோய் தம்பியின் லாரியில் வந்து இறங்கினார். தேநீரைக்கூடத் தொடாமல் நேரே பால்கனிக்குப் போனார். தழையைப் பிடித்து இழுத்தார். தழை மட்டும் கையில் வந்தது.

துர்திகுல் அந்த வாளிக்கு முன்னால் வந்து நின்றார்.

“கெட்டியாப் புடிச்சிருக்கு. நல்ல மண்ணு” என்றார் ஹம்ரோபோய்.

அடுத்ததைத் தோண்டி எடுத்தார். தோல் சீவின கேரட். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது... டவுன் ரகம்” என்றார் துர்திகுல்.

“அருமையான ரகம். சுத்தமாப் பொறந்திருக்கு.”

மண்ணைப் பற்றி அவ்வளவு பேசின விவசாயி கேரட்டைப் பற்றி அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துப் பார்த்தார்.

“ராத்திரியில காத்து வருமா?”

“ஒரு பொட்டுக் காத்து வராது.”

“ஹீட்டர் விடிய விடிய எரியுமா?”

“எரியும். புள்ளையாட்டம் பாத்துக்குறேன்.”

“இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு?”

“நான் காலை நீட்டிப் படுத்தாலும் மிச்சம் இருக்கும்” என்றார் துர்திகுல் பெருமையாக.

ஹம்ரோபோய்க்குக் கண் கலங்கியது. துர்திகுலைக் கட்டிப்பிடித்தார். “இப்படி ஒரு சம்பந்தி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும். ரொட்டியைக் கொண்டாங்க!”

பிய்த்தார்கள். கதவுக்குப் பின்னால் ஜுல்குமோர் விசும்பினாள், சந்தோஷத்தில். ஹோசியத் எல்லார் வாயிலும் மிட்டாய் திணித்தாள். ஒரு பொய்யை ஒப்பேற்றிவிட்ட நிம்மதியில் துர்திகுல் அன்றைக்குத்தான் முதல் வாய் புலாவை ருசித்துத் தின்றார்.

லாரி ஓட்டிவந்த தம்பி பால்கனியை எட்டிப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

“அந்த வாளியெல்லாம் சீக்கிரம் காலி பண்ணிடுங்க, சம்பந்தி. அண்ணன் வீட்டுல அஞ்சு பசங்களுக்கு எடமில்லைன்னு, வீட்டோட மாப்பிள்ளைக்குக் கட்டிலை லாரியிலயே ஏத்திக் கொண்டாந்துட்டோம்.”