துப்பாக்கிக் கோழியின் செல்ஃபி

ஒரு காட்டில், அதுவும் சிக்னல் நன்றாகக் கிடைக்கும் காட்டில், பூரணி என்றொரு காட்டுக்கோழி ஆறு முட்டைகளோடு குடியிருந்தது. அடைகாப்பது அலுப்பான வேலை. பொழுதுபோக வேண்டுமே என்று ஏர்கன் ஒன்று வாங்கி, கூட்டுக்கு எதிரே பெரிய அட்டையைத் தொங்கவிட்டுச் சுட்டுப் பழகியது. அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து, முட்டை என்றால் உயிரை விடும் துரைக்கண்ணு என்ற உடும்பு அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். சுட்டால் மட்டும் போதுமா, நாலு பேர் பார்க்க வேண்டாமா? ஒருநாள் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, சுட்ட அட்டையைப் பக்கத்தில் நிறுத்தி, பூரணி ஒரு செல்ஃபி எடுத்துப் போட்டது. ‘வீட்டிலிருந்தே பயிற்சி’ என்று தலைப்பு வேறு.

மேல்கிளை மைனா சரசு பதறிவிட்டது. “ஏண்டி, பின்னாடி மொட்டை இலுப்பை மரம் அப்படியே தெரியுது. இந்தக் காட்டுல அது ஒண்ணுதானே இருக்கு? கூடு இங்கேதான்னு நீயே போர்டு வச்சிட்டியே!”

“போடி, உனக்குப் பொறாமை. நாப்பது லைக் வந்திருக்கு, பாரு.”

நாற்பத்தொன்றாவது லைக் துரைக்கண்ணு போட்டது.

மறுநாள் காலை உடும்பு கூட்டுக்கு முன்னால் வந்து நின்றது. பூரணி துப்பாக்கியை எடுத்து நீட்டியது.

“கிட்ட வந்தே, சுட்டுருவேன்!”

“தாராளமா சுடும்மா,” என்றது துரைக்கண்ணு. “அட்டையைப் பெரிசாக்கிப் பார்த்தேன். பத்துக் குண்டுல ஒண்ணுகூட நடுவுல இல்ல. பத்தும் இடது பக்கம் ஒரு சாண் தள்ளிப் போயிருக்கு. இது தெரியாம ரெண்டு வாரமா வயித்தைக் காயப்போட்டேனே!”

பூரணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தன் குறி தவறும் என்பது அதற்கும் தெரியும். வயிற்றுக்கடியில் ஆறு முட்டை இருக்கும்போது வேறென்ன செய்வது? உடும்பின் மூக்கைப் பார்த்துக் குறிவைத்து விசையை இழுத்தது.

துரைக்கண்ணு முன்ஜாக்கிரதையான ஆள். இடப்பக்கம் போகிற குண்டுதான் என்றாலும் எதற்கு வம்பு என்று, கோழியின் வலப்பக்கமாகச் சரியாக ஒரு சாண் ஒதுங்கியது.

குண்டு அதன் மூக்கிலேயே பட்டது.

செல்ஃபி கேமரா வலத்தை இடமாகக் காட்டிவிடும் என்பது பாவம், அதற்குத் தெரியாது. பூரணியின் குண்டுகள் எப்போதும் வலப்பக்கம்தான் போகும். அலறியடித்து ஓடிய உடும்பு அடுத்த காட்டில்தான் நின்று மூச்சு வாங்கியது.

“இனிமேலாவது படம் போடறதை நிறுத்துடி,” என்றது சரசு.

“நிறுத்தறதா? படத்தைப் பார்க்கலேன்னா அவன் நின்ன இடத்துலயே நின்னிருப்பான். அப்புறம் என் குண்டு அவன் மேல எப்படிப் படும்?” என்று கேட்ட பூரணி, அடுத்த செல்ஃபிக்காக ஆறு முட்டைகளையும் வெளியே எடுத்து வரிசையாக அடுக்கியது.

நீதி: வீட்டு ரகசியத்தை ஊருக்குச் சொல்லியே தீருவேன் என்பவர்கள், தயவுசெய்து அதைத் தப்பும் தவறுமாகச் சொல்லவும்.