கொக்கியில் மாட்டிய வேகம்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாரென்று உலகத்துக்குத் தெரியாது. அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. சக்கரத்துக்குச் சுற்றத் தெரியும், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் அந்தச் சக்கரம் எந்த நிமிடத்தில் எவ்வளவு வேகமாகச் சுற்றலாம் என்று நிமிடத்துக்கு நிமிடம் மாற்றிச் சொல்லும் மகத்தான கலையைக் கொங்கு மண்ணுக்குக் கொண்டுவந்தவர் யாரென்று நன்றாகத் தெரியும். அவர் திரு. கிருபாசங்கர், தனி அலுவலர், 'மாறும் வேக வரம்புத் திட்டம்'. ஆண்டு 1996.

அவர் சீமைக்குப் பன்னிரண்டு நாள் 'ஆய்வுப் பயணம்' போனவர். கூடப் போனவர்கள் கடைத்தெருவை ஆய்ந்துகொண்டிருந்தபோது, இவர் மட்டும் ஒரு பெருஞ்சாலை ஓரத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தலைக்கு மேலே மின்சாரப் பலகையில் அறுபது என்றிருந்த எண் கண்மூடித் திறப்பதற்குள் ஐம்பது என்று மாறியது. அத்தனை கார்களும் அடங்கி ஒடுங்கிப் போயின. ஊர் திரும்பியதும் எண்பத்து நான்கு பக்கத்தில் அறிக்கை எழுதினார். அதன் சாரம் கடைசி வரியில் இருந்தது: 'அங்கே எண்ணை மின்சாரம் மாற்றுகிறது. நம்மிடம் மின்சாரம் அவ்வப்போது இல்லை. ஆள் எப்போதும் உண்டு.'

கருமத்தம்பட்டி முதல் நீலாம்பூர் வரை பதினொரு கம்பங்கள் முளைத்தன. கம்பத்துக்கு ஒரு கொக்கி. கொக்கியில் மாட்டத் தகர எண்கள், இருபது முதல் அறுபது வரை. மாட்டுவதற்குப் பாலகோபால் என்ற நாற்பது வயதுக்காரர் நியமிக்கப்பட்டார். பதவியின் பெயர் 'வேக வரம்பு மாற்றுநர் (தற்காலிகம்)'. வாகனம், சொந்த சைக்கிள். அலுவலகத்திலிருந்து கணியூர் பெட்ரோல் பங்குக்கு போன் வரும். 'தூறல், முப்பது' என்பார்கள். பாலகோபால் சைக்கிளை மிதித்துப் பதினொன்றாவது கம்பத்தை அடைவதற்குள் தூறல் நின்று வெயில் அடிக்கும். 'வெயில், ஐம்பது' என்று மறுபடி போன் வரும். இதைத்தான் அறிக்கை 'உடனுக்குடன்' என்று குறிப்பிட்டது.

இந்த மகத்தான திட்டத்தின் அருமை புரியாதவர்களில் முதலாமவர் மாசாணம். சோமனூரிலிருந்து காந்திபுரம் போகும் 'கொங்கு ராணி' என்ற தனியார் பஸ்ஸுக்குப் பதினான்கு வருஷமாக அவர்தான் டிரைவர். தனியார் பஸ்காரனுக்கு வேகம் என்பது ஆசை அல்ல, விதி. அவனுக்குப் பின்னாலேயே நாலு நிமிஷத்தில் இன்னொரு பஸ் வரும். நாலு நிமிஷம் தாமதித்தால் அடுத்த நிறுத்தத்தில் நிற்கிற கூட்டம் அந்த பஸ்ஸில் ஏறிவிடும். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி அந்த நடையையே ரத்து செய்துவிடுவார்.

ஒரு நாள் காலை மாசாணம் ஐம்பது என்ற கம்பத்தைத் தாண்டி ஐம்பதில் வந்தார். கணியூர்ப் புளியமரத்தடியில் 'வேகப் பறக்கும் படை' நின்றிருந்தது. அதாவது ஒரு ஜீப், சாலையில் இரண்டு சுண்ணாம்புக் கோடு, ஒரு ஸ்டாப் வாட்ச், சப்-இன்ஸ்பெக்டர் நரசிம்மலு.

"ஏன்ப்பா, முப்பதுல போக வேண்டிய ரோட்டுல ஐம்பதுல வர்றே?"

"கம்பத்துல ஐம்பதுன்னு போட்டிருந்துதுங்க சார்."

"அது ஒம்பது பத்துக்கு முப்பது ஆயிடுச்சு."

"நான் ஒம்பது எட்டுக்கே தாண்டிட்டனுங்களே!"

"ரெண்டு நிமிஷத்துல மாறப்போகுதுன்னு யோசிச்சு ஓட்டணும். வரம்பு மாறும்னு திட்டத்தோட பேர்லயே சொல்லியிருக்கில்ல?"

வாதத்தில் பிழை இல்லை. முதல் 'கண்டனச் சீட்டு' எழுதப்பட்டது. இரண்டாவது சீட்டு அதைவிட நுட்பமானது. சூடுகண்ட பூனையாக மாசாணம் மறுவாரம் இருபதில் ஊர்ந்து வந்தார். அதற்குள் எண் அறுபதாகியிருந்தது. 'அரசு மனமுவந்து வழங்கிய வேகத்தைப் பயன்படுத்தாமல் வீணடித்தமை' என்று நரசிம்மலு அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

மூன்றாவது சீட்டு விழுந்தால் லைசென்ஸ் ஆறு மாதத்துக்கு அலுவலக அலமாரிக்குப் போய்விடும். மாசாணத்துக்கு உண்மையிலேயே பயம் வந்தது. ஆறு மாதம் ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருந்தால் முதலாளி வேறு ஆளை ஏற்றிவிடுவார். இந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் வயதும் தாண்டிவிட்டது.

ஆனால் திட்டத்தில் சீமைக்காரன் யோசிக்காத ஒரு வசதி இருந்தது. அங்கே பலகையோடு பேச முடியாது. இங்கே பேசலாம். பாலகோபால் எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லப் பழகாத மனிதர். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லையே வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள். ஒரம்பரை என்று நாலு சொந்தக்காரர்கள் வந்தால் என்ன நினைப்பார்கள்? முதலில் ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, "ஏனுங்க, பாரம் அவசரமுங்க, சித்த ஏத்தி மாட்டுங்க" என்றார். "அதுக்கென்னுங்க" என்று பாலகோபால் ஐம்பதை மாட்டினார். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர், "மாடு மெரளுதுங்க" என்றார். உடனே இருபது. பத்து மாட்ட முடியாததற்கு மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். பிரசவத்துக்குப் போகும் அம்பாசிடருக்கு அறுபது மாட்டி, "நல்லபடியா பெத்துப் பொழைக்கோணும், போயிட்டு வாங்க அம்மணி" என்று வாழ்த்தும் சேர்த்து அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் நாற்பத்தேழு மாற்றம் என்று பதிவேடு காட்டியது. சீமையில் அதிகபட்சம் நாலு. கிருபாசங்கர் பதிவேட்டைப் பார்த்து நெஞ்சு விம்மினார். சென்னைக்கு எழுதினார். 'சிறந்த புதுமைக் கேடயம்' அறிவிக்கப்பட்டது. பீளமேட்டில் ஒரு மண்டபத்தில் பகல் பதினொரு மணிக்கு விழா. கேடயம் கொடுக்கச் சென்னையிலிருந்து செயலாளரே வருகிறார்.

விழா நாளன்று காலை பத்து இருபதுக்குக் கருமத்தம்பட்டியில் கிருபாசங்கரின் ஜீப் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. முதலில் வந்த பஸ்ஸில் தாவி ஏறினார். அது 'கொங்கு ராணி'. கண்டக்டர் சென்னகிருஷ்ணன் அவர் போட்டிருந்த கோட்டைப் பார்த்ததுமே டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவரை நயமாக எழுப்பி அவரை உட்கார வைத்தார். பின் சீட்டில் மடி நிறைய நூல் கோன் பையோடு சோமனூர்த் தறிக்கார சுப்பாத்தாள் இருந்தாள்.

"நான்தான் கிருபாசங்கர். பதினொரு மணிக்கு நான் பீளமேட்டில் இருந்தாக வேண்டும்" என்று அவர் மாசாணத்திடம் அறிவித்தார்.

"கொண்டுபோய் உட்டர்றனுங்க" என்ற மாசாணம் முதல் கம்பத்தைப் பார்த்தார். இருபது. கியரைக் குறைத்தார். இரண்டாவது கம்பம் இருபது. மூன்றாவதும் இருபது.

"ஏன் இவ்வளவு மெதுவாகப் போகிறாய்?"

"உங்க கம்பத்துல இருவதுங்க."

நாலாவது கம்பத்தருகே காரணம் தெரிந்தது. தாராபுரம் பக்கத்துச் செம்மறி ஆட்டுப் பட்டி ஒன்று, முந்நூறு தலை, சாலையை நிறைத்துக்கொண்டு போனது. பஸ் அதை மெல்ல மெல்லக் கடந்தது. அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. ஐந்தாவது கம்பத்திலும் இருபது. கீழே பாலகோபால் சைக்கிளோடு நின்றிருந்தார்.

கிருபாசங்கர் ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "யோவ்! ரோடுதான் காலியாக இருக்கிறதே! அறுபது மாட்டு!"

"மாட்ட மாட்டேன்னு சொல்லலீங்க. ஆட்டுக்காரரு பொடிக்குட்டி இருக்குதுன்னு கேட்டாருங்க. நீலாம்பூரு வரைக்கும் எறக்கி மாட்டறேன்னு வாக்குக் குடுத்து, முன்னாலயே போய் மாட்டிப்போட்டும் வந்துட்டனுங்க. வேணும்னா உங்களுக்காக ஒரு முப்பது மாட்டட்டுங்களா?"

"நான் யார் தெரியுமா? கிருபாசங்கர்!"

பாலகோபால் சங்கடத்தோடு சிரித்தார். "கோவிச்சுக்காதீங்க. அந்தய்யா பேரைச் சொல்லி இன்னிக்கே மூணு பேரு கேட்டுப்போட்டாங்க. போன்ல பேசறப்ப அவரு கொரலு இன்னுங் கொஞ்சம் தன்மையா இருக்குமுங்க."

தனி அலுவலர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மணி பத்து நாற்பத்தொன்று. "நீ ஓட்டப்பா, அறுபதில் ஓட்டு!" என்றார் மாசாணத்திடம்.

"எனக்கு ஏற்கனவே ரெண்டு சீட்டு இருக்குதுங்க சார். மூணாவது உழுந்தா லைசென்ஸ் போயிரும்."

"நான் உருவாக்கிய திட்டத்தில் எனக்கே சீட்டா?"

"உங்களுக்கில்லீங்க, எனக்குங்க."

"நான் பார்த்துக்கொள்கிறேன். போ!"

பெரிய மனிதர் வார்த்தை. பஸ் நிறையச் சாட்சி. மாசாணம் மிதித்தார். பதினான்கு வருஷத்துப் பழக்கம் கால் கட்டைவிரலில் இறங்கியது. 'கொங்கு ராணி' கம்பங்களைச் சட்டை செய்யாமல் பறந்தது. மாசாணத்துக்கே பல நாளுக்குப் பிறகு மனசு லேசானது. ஹாரனைத் தேவையில்லாமல் ஒரு தடவை அடித்துப் பார்த்தார்.

ஒன்பதாவது கம்பத்துக்கு அப்பால் சுண்ணாம்புக் கோடு, ஸ்டாப் வாட்ச், நரசிம்மலு.

"இருபது போட்ட ரோட்டுல அறுபது. உனக்கு இது மூணாவது, இல்லையாப்பா?" என்றபடி அவர் நாலு தாளுக்கு நடுவே கார்பனைச் செருகி, பஸ்ஸின் முகப்பில் வைத்து எழுத ஆரம்பித்தார். "வேகத்துக்குக் காரணம்?"

மாசாணம் பக்கத்து சீட்டைப் பார்த்தார். தனி அலுவலர் எதிர்ப்பக்க ஜன்னல் வழியே ஒரு பருத்திக் காட்டை மிகுந்த அக்கறையோடு ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"சார், சொல்லுங்க சார்."

"நான் இதில் வெறும் பயணி" என்றார் கிருபாசங்கர், பருத்தியிடம்.

மாசாணத்துக்கு இந்த மனிதர் வார்த்தையை நம்பியதற்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அப்போது சுப்பாத்தாள் நூல் பையைப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க ஆபீசருங்க, டிரைவரு பாவமுங்க. 'போ போ'ன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. கூச்சப்படாம எறங்கிப் போய்ச் சொல்லிப்போட்டு வாங்க. நாங்க காத்திருக்கறமுங்க."

"ஆமாங்க, 'நான் பாத்துக்கறேன்'னீங்களே, நாங்கூடக் கேட்டனுங்க" என்றது இன்னொரு குரல்.

"சீட்டு எழுதி முடிக்காம வண்டி நகராதுங்க. நாலு காப்பிங்க, அரை மணி நேரமாவது ஆகுமுங்க. உங்களுக்கு விழா வேற இருக்குதுங்களே" என்று சென்னகிருஷ்ணன் மிகுந்த மரியாதையோடு ஞாபகப்படுத்தினார்.

நரசிம்மலு எட்டிப் பார்த்தார். அடையாளம் தெரிந்ததும் விறைப்பாக சல்யூட் அடித்தார். பஸ்ஸில் இருந்த அறுபது பேரும் ஒரு வசவு சொல்லவில்லை. எல்லோரும் மலர்ந்த முகத்தோடு ஆபீசரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வசவைக்கூடத் தாங்கலாம். மணி பத்து நாற்பத்தெட்டு.

மாமனிதர்கள் நெருக்கடியில்தான் ஒளிர்வார்கள். கிருபாசங்கர் எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "திட்ட விதி ஏழின்படி, தக்க காரணம் இருந்தால் தனி அலுவலர் வரம்பை மாற்றலாம். மாற்றுகிறேன். இந்தச் சாலையின் வேகம் அறுபது."

"எப்பலருந்து சார்?" என்றார் நரசிம்மலு.

"இப்போதிலிருந்து."

"பஸ் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மூணு நிமிஷம் ஆச்சுங்க சார்."

கிருபாசங்கர் யோசித்தார். "அப்படியானால் பத்து நிமிடத்துக்கு முன்னாலிருந்து."

நடந்து முடிந்த வேகத்துக்கு வரம்பு வகுக்கும் முறை அந்த நிமிடத்தில் பிறந்தது. சீமைக்காரர்கள் இதைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள். மாசாணம் தொண்டையைச் செருமினார்.

"மாத்தறதுதான் மாத்தறீங்க, போன மாசம் ஒம்பது மணி எட்டு நிமிஷத்தையும் சேத்து மாத்திப்போடுங்க. அதுக்கடுத்த வாரம் நான் இருவதுல வந்தேன் பாருங்க, அதையும்."

"உன் சீட்டை எல்லாம் ரத்து செய்கிறேன், வண்டியை எடு!" என்று கிருபாசங்கர் கையெழுத்துகளை வாரி இறைத்தார்.

நரசிம்மலு கடமை தவறாதவர். "சார், லிஸ்ட்ல இன்னும் நூத்திப் பதினாலு டிரைவர் இருக்காங்க. அவங்களும் இதே மாதிரிதான்..."

"அவர்கள் யாராவது என்னை ஏற்றிக்கொண்டு வந்தார்களா?"

நரசிம்மலு சல்யூட் அடித்து வழிவிட்டார். மாசாணத்துக்குச் சந்தோஷம் பொங்கியது. அந்த நூற்றுப் பதினாலில் பாதிப் பேர் அவருக்குத் தெரிந்தவர்கள். அதை நினைத்ததும் பொங்கியது கொஞ்சம் அடங்கியது. பத்து ஐம்பத்தொன்பதுக்குப் பீளமேட்டு மண்டபத்து வாசலில் 'கொங்கு ராணி' நின்றது. கேடயத்தைக் கையில் வாங்கியதும் கிருபாசங்கர் உருக்கமாகப் பேசினார். மழை, வெயில், நெரிசல், இவற்றுக்கு மட்டுமே கட்டுப்பட்டுத் திட்டம் இயங்குவதாகச் சொன்னபோது கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் காலை வானம் வெளுப்பாக இருந்தது. ஆடு மாடு ஒன்றும் குறுக்கே இல்லை. கருமத்தம்பட்டியில் கூட்டம் ஏறி முடிந்ததும் சென்னகிருஷ்ணன் விசில் கொடுத்தார். மாசாணம் கம்பத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திரும்பி, "கண்ணு, உள்ள பெரிய மனுசங்க ஆராச்சும் ஏறியிருக்காங்களான்னு பாத்துச் சொல்லு" என்றார்.

சென்னகிருஷ்ணன் கடைசி சீட்டு வரை பார்த்துவிட்டு வந்தார். "ஆருமில்லீங்ணா. பூராவும் நம்ம சனந்தானுங்க."

"அப்ப இருவதுதான்" என்று மாசாணம் கியரைப் போட்டார்.