தலைகீழ் முகம் குறித்த ஆட்சேபணை

"நம்ம மூஞ்சியையே தலைகீழாக் காட்டுது. இது வானத்துல போய் எதை ஒழுங்காக் காட்டப்போகுது?"

ஏற்பு அதிகாரி தம் உதவியாளரிடம் மெதுவாகத்தான் சொன்னார். தாழ்வாரத்தில் கோப்புகளோடு நின்றிருந்த எங்கள் காதிலும் விழுந்துவிட்டது.

விண்வெளித் தொலைநோக்கிக்கான அந்தக் குழிந்த கண்ணாடியை மூன்று வருடம் தேய்த்து மெருகேற்றியவர் கண்ணாடி அக்கா. அதன் பக்கத்தில் யாரையும் தும்மக்கூட விடமாட்டார். வாசலில் லாரி தயாராக நின்றது. ஐந்து மணிக்குள் கண்ணாடி அதில் ஏறாவிட்டால், செயற்கைக்கோள் அது இல்லாமலேயே கிளம்பிவிடும்.

ஆனால் அதற்குமுன் அதிகாரி நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய ஏற்புப் படிவம் என்று ஒன்று உண்டு. துறை அதுவரை வாங்கிய கண்ணாடிகள் எல்லாம் கழிவறைக்கானவை என்பதால் படிவமும் அதற்கேற்றபடி இருந்தது. ஆணியில் மாட்ட வளையம் உண்டா? தலை சீவும்போது வகிடு தெரிகிறதா? முகம் நேராக உள்ளதா? மூன்றாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுத அதிகாரி பேனாவைத் திறந்தார்.

குழிந்த கண்ணாடி தூரத்தில் உள்ளதைத் தலைகீழாகத்தான் காட்டும், அதனால் நட்சத்திரத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது என்று அக்கா விளக்கினார். நட்சத்திரம் புகார் கொடுக்காது, தணிக்கைக் குழு கொடுக்கும் என்றார் அதிகாரி.

அக்கா மணியைப் பார்த்தார். மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொன்னார்.

"கிட்ட வாங்க சார். நாலடிக்குள்ள வந்து பாருங்க."

வந்தார். முகம் நிமிர்ந்தது. நிமிர்ந்ததோடு நில்லாமல் இரண்டு மடங்கு பெரிதாகவும் ஆனது. அதிகாரி காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல என்னை யாரும் இப்படிக் காட்டினதில்லம்மா."

பிறகு எழுதினார்: 'மேற்படி பொருள் மிகவும் திருப்திகரம். இதை விண்வெளியில் பார்ப்பாரற்றுக் கிடக்க விடுவது பொதுநலனுக்கு உகந்ததன்று. எனது அறையில், மேசைக்கு எதிரே நிறுவ ஆவன செய்யவும்.'

அக்காவின் முகத்தை யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் கண்ணாடிக்கு முன்னால் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். தட்டச்சர் ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் கடைசியில் போய் நின்றார்.

அதிகாரி டீ குடிக்கப் போனார். வண்டியை எடுத்துவிடலாமா என்று லாரி ஓட்டுநர் வந்து கேட்டார்.

"அரை மணி நேரம் இருங்கண்ணே," என்றார் அக்கா.

கண்ணாடியை அதிகாரியின் அறையில், சொன்ன இடத்திலேயே நிறுத்தினார். பிறகு அவருடைய மேசையையும் நாற்காலியையும் நாலடியைத் தாண்டி, எதிர்ச்சுவர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்ப் போட்டார்.