நம்பலாமோ அண்ணையின் கார்பைன்

டொரொன்டோ மாநகரம் முழுவதிலும் எந்தப் பொருளை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சரியாகத் தெரிந்த ஒரே மனிதர் நம்பலாமோ அண்ணைதான். அவர் முடிவுப்படி நம்பத்தகுந்த பொருள்கள் மொத்தம் மூன்று: அவருடைய ரைஸ் குக்கர், கறுப்புக் குடை, இடக்கால் சப்பாத்து. வலக்கால் சப்பாத்தின் மேல் அவருக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம் இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் டோர்செட் பார்க்கில் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினோராம் மாடியில் நான் தனியாக இருந்தேன். எதிர்வீடு அவருடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும், எங்கள் மாடியில் யாரும் அதைக் கேட்கவில்லை. எதைக் காட்டினாலும் தலையைச் சரித்து, "உதை நம்பலாமோ?" என்பார். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது.

லிப்டில் ஏறுவதென்றால் முதலில் வேறு இரண்டு பேரை அனுப்புவார். அவர்கள் சேதாரமில்லாமல் போய்ச் சேர்ந்ததை வாசலுக்கு மேலே எரியும் இலக்கங்களில் பார்த்த பிறகுதான் தான் ஏறுவார். ரைஸ் குக்கர் வாங்கப் போனபோது அரிசியைக் கழுவிப் பையில் கட்டிக் கொண்டுபோய், கடையிலேயே ஆக்கிக் காட்டச் சொன்னார். விற்பனைக்கு நின்ற பெண் முதலில் முடியாது என்றாள். அரை மணி நேரம் கழித்து அவளும் ஒரு கரண்டி சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

குளிர் ஜக்கெட் வாங்கியது நல்ல வெயில் காலத்தில். குளிரைத் தாங்குமா என்று பார்க்க, தெரிந்த ஒருவரின் மீன்கடையில் மீன்களை உறைய வைக்கும் அறைக்குள் அதைப் போட்டுக்கொண்டு நின்றார். கடைக்காரர் இவரை உள்ளே வைத்ததை மறந்து சாப்பிடப் போய்விட்டார். வெளியே எடுத்தபோது அண்ணையின் மீசை வெள்ளையாகியிருந்தது. "ஜக்கெட்டை நம்பலாம் தம்பி. மீன்கடைக்காரனைத்தான் நம்பேலாது" என்றார் என்னிடம்.

இப்படிப்பட்டவர் ஒருநாள் தனக்குச் சுடுகிற துவக்கு ஒன்று வாங்க வேண்டும் என்றார்.

கதவுப் பிணைச்சல் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே மேற்பார்வையாளராக இருந்த பெற்றோ என்ற உக்ரேனியக் கிழவர், ஒரு சனிக்கிழமை அவரை நகரத்துக்கு வடக்கே இருந்த ஒரு சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அங்கே ஐந்து இரும்புத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, யார் விரைவாகச் சுட்டு விழுத்துகிறார் என்று போட்டி வைப்பார்கள். பெற்றோ தன்னுடையதைக் கொடுத்து, பக்கத்தில் நின்று ஒருமுறை சுட வைத்தார். தகடு டங்கென்று விழுந்தது, நின்றவர்கள் கை தட்டினார்கள். நாற்பத்தைந்து வயதுவரை யாரும் கை தட்டியிராத மனிதருக்கு அது போதாதா? அடுத்த நாள் ஒரு கொப்பியும் பென்சிலுமாக என் வாசலில் நின்றார்.

அவர் கேட்டது சும்மா துவக்கு அல்ல, கார்பைன். பிஸ்டலுக்குப் போடுகிற சின்ன ரவையைப் போட்டு, தோளில் அணைத்துச் சுடுகிற நீளத் துவக்கு. உதைப்பு குறைவு, சத்தமும் கொஞ்சம் குறைவு, தகடு விழுத்துகிற விளையாட்டுக்குத் தோதானது. ஆனால் போட்டி நடுவில் ரவை உள்ளே சிக்கி அது இறுகிப்போனால் ஆள் அவ்வளவுதான்.

"நல்லாச் சுடுற துவக்கு நூறு கிடக்கு தம்பி. ஒவ்வொரு முறையும் சுடுறது எது? அதைத்தான் நான் தேடுறன்" என்றார்.

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நான் சாரதியானேன். அவரிடம் லைசென்ஸ் இருந்தது, தன் ஓட்டத்தில்தான் நம்பிக்கை இல்லை. கிளப்பில் ஒவ்வொருவரிடமும் போய், உங்களுடையது எத்தனை தரம் இறுகியிருக்கிறது என்று கேட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஒருவராவது ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் அண்ணை அவர்களுக்குப் பின்னால் கொப்பியோடு நின்று தானே எழுதத் தொடங்கினார். ஆட்கள் சுடுவதற்கு முன் திரும்பித் திரும்பி அவரைப் பார்த்தார்கள். இரண்டு பேர் பதற்றத்தில் தகட்டை விட்டுவிட்டு மண் அணையைச் சுட்டார்கள்.

ஒன்று மடக்கிப் பைக்குள் வைக்கலாம் போல அழகாக இருந்தது. ரவைக்கூடு ஆடியதால் அடிக்கடி இறுகியது. இன்னொன்று உருண்டை முனை ரவையை மட்டும் தின்னும், தட்டை முனையைக் கொடுத்தால் சத்தி எடுத்துத் துப்பிவிடும். கடைசியில் அவர் கண் பெற்றோவுடையதில் போய் நின்றது. பலகைத் துண்டில் தண்ணீர்க் குழாயைக் கட்டி வைத்தது போன்ற கோலம், பாரமும் அதிகம். ஆனால் எந்த ரவையைப் போட்டாலும், எந்தக் கூட்டைச் செருகினாலும், துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் சுட்டது. ஐந்து சனிக்கிழமை பார்த்தும் கொப்பியில் அதன் பக்கம் வெறுமையாகவே கிடந்தது. அண்ணைக்குத் தூக்கம் போய்விட்டது. குறையே இல்லாத பொருளை அவர் அதற்கு முன் கண்டதில்லை.

நல்ல வேளையாகப் பெற்றோவுக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. அனுமதிப் பத்திரம் எடுத்தால் கார்பைன் உனக்குத்தான் என்று அண்ணையிடம் சொன்னார். பனிக்கு முந்திய கடைசிப் போட்டிவரைதான் தவணை. அதற்குள் பத்திரம் வராவிட்டால் கிளப்பில் வேறொருவர் காத்திருந்தார்.

இனி மணியக்காவுக்கு வருவோம். மணியக்கா அண்ணையின் மனைவி. துவக்கு என்ற சொல்லையே வீட்டுக்குள் எடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். சண்டைக் காலத்தில் ஊரில் துவக்கோடு படியேறி வந்தவர்களில் ஒருவராவது நல்ல செய்தி கொண்டுவந்ததில்லை என்பது அவர் வாதம். ஆகவே அண்ணை சமையலறைத் தொலைபேசியில் என்னோடு பேசும்போது அந்தச் சொல்லைத் தவிர்த்து, "தம்பி, சனிக்கிழமை ரவை விசயமாப் போவமோ?" என்பார். "உருண்டை ரவைதான் திறம், என்ன?" என்பார்.

எங்கள் பேச்சில் துவக்குக்குள் போடுவதும் ரவைதான், உப்புமா கிண்டுவதும் ரவைதான். மணியக்கா அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறார். ஐயோ, இந்த மனுசன் ரவைக்கு இவ்வளவு ஆசைப்பட்டும் என்னிடம் வாய் திறந்து கேட்கவில்லையே என்று அவருக்கு மனம் கரைந்துவிட்டது. அன்றிலிருந்து காலையில் ரவை உப்புமா, பின்னேரம் ரவைக் கேசரி, இரவில் ரவை ரொட்டி. வேலைக்குக் கொண்டுபோகும் பெட்டியிலும் ரவை. அண்ணைக்கோ தின்கிற ரவையைக் கண்ணில் காட்டக் கூடாது. உண்மையைச் சொன்னால் கார்பைன் போய்விடும், சொல்லாவிட்டால் உப்புமா. ஆறு கிழமை வாய் பேசாமல் தின்றார். அவருடைய கன்னம் உருண்டு வருவதைப் பார்த்து மணியக்கா பூரித்துப்போனார்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அதில் மனைவியுடன் பேச எந்த இலக்கம் என்று ஒரு கேள்வி இருந்தது. பத்திரம் கொடுக்கும் அதிகாரி அழைப்பதற்கு முன் நீங்களே மணியக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். நாளைக்குச் சொல்லுறன் என்றார். பதினொரு நாளும் அதையே சொன்னார்.

பன்னிரண்டாம் நாள், ஞாயிறு மத்தியானம், அதிகாரி அழைத்துவிட்டார். மணியக்காவின் ஆங்கிலம் அவர் வேலை செய்த தொழிற்சாலையோடு சரி, அதனால் என்னைக் கூப்பிட்டார்கள். சமையலறைத் தொலைபேசியில் மணியக்கா, படுக்கையறைத் தொலைபேசியில் நான், இரண்டுக்கும் நடுவில் வீட்டு நடையில் அண்ணை. உங்கள் கணவர் துவக்கு வாங்க விண்ணப்பித்திருப்பது தெரியுமா என்று கேட்டார் அதிகாரி. துவக்கு என்பதை ரவை என்று மொழிபெயர்த்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அரசாங்க விசயம் என்ற பயத்தில் உள்ளதையே சொன்னேன்.

அடுப்பில் ஏதோ தீயும் மணம் வந்தது. அதுவும் ரவைதான்.

"ரவை ரவை எண்டு கதைச்சது உதைத்தானோ?" என்று கேட்டார் மணியக்கா. யாரிடம் கேட்டார் என்று எனக்கும் அண்ணைக்கும் தெரியவில்லை. இருவருமே ஓம் என்றோம்.

என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார். சமையல் பற்றிப் பேசுகிறார் என்றேன். உங்கள் கணவருக்குக் கோபம் வருமா என்பது அவருடைய அடுத்த கேள்வி.

"கோவமோ? கோவம் வந்தா அது சரியான கோவம்தானோ எண்டு ரெண்டு நாள் யோசிப்பார். அதுக்குள்ளை எனக்கு விசயமே மறந்துபோகும்" என்றார் மணியக்கா. மொழிபெயர்த்தேன். மறுமுனையில் பேனா எழுதும் சத்தம் நின்று, சிரிப்புக் கேட்டது. குடிப்பாரா என்றதற்கு, போத்தில் மூடி சரியாக இறுகியிருந்ததா என்று பார்ப்பதிலேயே அவருக்கு நேரம் போய்விடும் என்றார். கடைசியாக, அவர் துவக்கு வைத்திருக்க உங்களுக்குச் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். அதையும் மொழிபெயர்த்தேன்.

மணியக்கா நடைப் பக்கம் திரும்பினார். "வெடிச்சத்தம் கேட்டாக் கட்டிலுக்குக் கீழை போற ஆள் நீங்கள். உங்களுக்கு என்னத்துக்குத் துவக்கு?"

அண்ணை கொப்பியை மடித்தார், பிறகு விரித்தார். "இவ்வளவு காலமும் நான் அதின்ர முன்பக்கத்தைத்தான் பாத்தனானப்பா. ஒருக்கால் பின்பக்கம் நிண்டு பாப்பம் எண்டு ஒரு ஆசை. வேறை ஒண்டுமில்லை."

அவரிடமிருந்து சந்தேகமே இல்லாமல் வந்த ஒரு பேச்சை அன்றுதான் முதன்முறை கேட்டேன். மணியக்கா தீய்ந்த ரவையை இறக்கி வைத்து அடுப்பை அணைத்தார். பிறகு, "தம்பி, ஓம் எண்டு சொல்லுங்கோ. ஆனா போட்டிக்கு நானும் வருவன் எண்டும் சொல்லுங்கோ" என்றார். இரண்டாவது தகவல் அதிகாரிக்குத் தேவையில்லாதது. ஆனாலும் சொன்னேன்.

பத்திரம் வந்தது, கார்பைன் கை மாறியது. அக்டோபர் கடைசியில் போட்டி. மணியக்கா சேலைக்கு மேல் குளிர் ஜக்கெட்டும், காதில் பஞ்சும், பஞ்சுக்கு மேல் கிளப் கொடுத்த காதுமூடியுமாகக் கயிற்றுக்குப் பின்னால் என்னோடு நின்றார். அண்ணையின் முறை வந்தது. கார்பைனைத் தோளில் வைத்தார். நேரம் பார்ப்பவர் விசில் ஊதினார்.

அண்ணை அசையவில்லை. ஐந்து வினாடி போனது, பத்துப் போனது. ரவை சிக்கிவிட்டதோ என்று பெற்றோ மங்கிய கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கார்பைனில் ஒரு பிழையுமில்லை. இறுகிப்போனது அண்ணைதான். அந்த நேரத்தில் அவர் எந்த ஊரில் எந்தத் தெருவில் நின்றார் என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. விட்டுவிட்டு வாருங்கள் அண்ணை என்று கூப்பிட வாயெடுத்தேன்.

மணியக்கா தன் காதுமூடியைக் கழற்றினார், பஞ்சையும் எடுத்தார். தொழிற்சாலை இயந்திரச் சத்தத்துக்கு மேலால் பேசிப் பழகிய குரல் அவருடையது.

"நான் இஞ்சை பின்னாலைதான் நிக்கிறன். நீங்கள் துவக்குங்கோ."

டங். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டங். ஒவ்வொரு தகட்டையும் நன்றாக யோசித்து, ஐந்தையும் விழுத்தினார். அந்தக் கிளப்பில் யாரும் அவ்வளவு நேரம் எடுத்ததில்லை என்று நேரம் பார்ப்பவர் மரியாதையோடு அறிவித்தார். கடைசி இடம். பெற்றோ மட்டும் எழுந்து நின்று கை தட்டினார். மணியக்காவுக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை, காது அடைத்துப்போயிருந்தது. ஆனாலும் முதற்பரிசு எடுத்தவரின் மனைவியைப் போல எல்லாரையும் பார்த்துத் தலையசைத்தார்.

திரும்பி வரும்போது இருவரும் என் காரின் பின் சீட்டில் இருந்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன். அண்ணையின் கையை மணியக்கா தன் மடியில் எடுத்து வைத்திருந்தார். இந்த நாட்டில் எனக்குக் கூடப்பிறந்தவர் என்று யாரும் இல்லை. அன்று அந்த நெடுஞ்சாலையில் நான் மெதுவாக, மிக மெதுவாகக் காரை ஓட்டினேன், பின்னால் இருப்பது என் சொந்த அண்ணன் என்று நினைத்துக்கொண்டு.